ஐம்பதாவது மணித்தியாலம்

மல்கிரேவில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் ஜெயரட்ணம் தோட்டக்காரனாகச் சேர்ந்து எட்டாம் நாள் புதுப் புல்வெட்டு ட்ரக்டர் வந்து இறங்கியது. 1978 செப்டம்பர். குளிர் விட்டு, வெட்டிய புல் மூன்றாம் நாளே கணுக்காலைத் தொடும் பருவம். பன்னிரண்டு ஏக்கர் நிலத்தை அதுவரை ஒரு கிழட்டுத் தள்ளு இயந்திரம்தான் பார்த்துக்கொண்டது. அதைத் தள்ளிய பழைய தோட்டக்காரன் முதுகு போய் வேலையை விட்டிருந்தான்.

ஜெயரட்ணத்துக்கு அந்த வேலையோடு ஒரு வீடும் கிடைத்தது. சலவைக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள பலகை வீடு. மூன்று மாதம் சோதனைக் காலம். டிசம்பர் முதலாம் திகதி அது முடிந்ததும், இவனுக்கு நிரந்தர வேலையும் குடியிருக்க வீடும் உண்டு என்று இல்லத்தை நடத்தும் பெரிய தாதியான மேற்றன் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தைக் குடிவரவுக் கந்தோரில் கொடுத்தால்தான் மனைவி சிவனேஸ்வரியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போடலாம். கிளென் வேவர்லியில் பொறியியலாளராக இருந்த ஒன்றுவிட்ட தம்பி வரதராஜா இவன் ஒருவனுக்குத்தான் பொறுப்பு நின்றிருந்தான். அதற்கு மேல் அவனிடம் கேட்க வாய் வரவில்லை. அவனுடைய கார்க்கொட்டகையில் ஏழு மாதம் படுத்தெழும்பியதே போதும் என்று இருந்தது.

ட்ரக்டர் அவனுக்குப் புதிதல்ல. அனுராதபுரத்தில் விவசாயத் திணைக்களத்தின் வேலைத்தலத்தில் பதினொரு வருடம் போர்மன். முப்பத்தாறு உழவு இயந்திரங்கள் அவன் பொறுப்பில் ஓடின. போன வருடம் ஓகஸ்ட் கலவரத்தில் கட்டின துணியோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலைக்குத் திரும்ப முடியவில்லை. மனைவியும் மகளும் கொக்குவிலில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்கள்.

இந்தத் தோட்ட ட்ரக்டர் வேறு சாதி. பல்சக்கரம் மாற்றும் வேலையே இல்லை. ஒரு நெம்புகோலை முன்னே தள்ளினால் முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே வரும். உள்ளே ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தத்தில் சில்லு சுற்றியது. இயந்திரத்தைக் கொண்டுவந்த கடைக்காரன் இருக்கைக்குக் கீழே, ஓடிய நேரத்தைக் காட்டும் மணிக்கணக்கியைத் தொட்டுக் காட்டினான். முதல் ஐம்பது மணித்தியாலம் பாரம் இழுக்கக்கூடாது, ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது. ஐம்பதாவது மணித்தியாலத்தில் பம்பின் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆகவேண்டும், பிறகு இருநூறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை போதும். அந்த முதல் மாற்றத்துக்கென்று இரண்டு டின் ஒயிலும் பெட்டியில் ஒரு ஃபில்டரும் கையோடு தந்துவிட்டுப் போனான்.

ட்ரக்டரை நிறுத்தும் கொட்டிலின் உட்சுவரில் ஓர் ஆணியில் மேற்றன் ஒரு கொப்பி தொங்கவிட்டிருந்தார். திகதி, மணிக்கணக்கு, செய்த வேலை, கையெழுத்து. இல்லத்தில் எதற்கும் ஒரு கொப்பி இருந்தது.

அந்த ஐம்பது மணித்தியாலத்தையும் ஜெயரட்ணம் பச்சைப்பிள்ளையை வளர்ப்பது போலத்தான் ஓட்டினான். காலையில் ஐந்து நிமிடம் சூடாக்கினான். சரிவில் ஏறும்போது வேகம் குறைத்தான். மர வேருக்கு மேலே பிளேட்டை உயர்த்தினான். ஒவ்வொரு நாளும் போல்ட் எல்லாவற்றையும் ஸ்பானர் வைத்து இறுக்கிப் பார்த்தான். ஜன்னலருகே சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் ஒருவர், இவன் போகும்போதெல்லாம் கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் விரட்டு என்று சைகை காட்டுவார். இவன் சிரித்துவிட்டு அதே வேகத்தில் போவான்.

ஒரு சனிக்கிழமை காலை மணிக்கணக்கி ஐம்பதைத் தொட்டது. குசினியில் கேட்டு வாங்கிய வெள்ளைத் தகரத் தாழியைக் கீழே வைத்து ஒயிலைத் திறந்தான். சூடாக, தேன் நிறத்தில் இறங்கியது. கறுப்பில்லை, நாற்றமில்லை. விரலில் தொட்டு வெயிலில் பிடித்தான். பொடி மினுங்கியது. புது இயந்திரத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உரசி உதிர்க்கும் தூள். முதல் ஒயிலை மாற்றுவதே அந்தத் தூளை வெளியே எடுக்கத்தான் என்பது அவனுக்குத் தெரியும். புத்தகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

தூள் போகவேண்டும். ஒயில் ஏன் போகவேண்டும்?

அவன் அப்படிக் கேட்டுக்கொண்டதாகவும் சொல்ல முடியாது. கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த ஏழு வருடத்தில் அனுராதபுரத்துக்கு ஒயில் வருவது மழை வருவது போல. வந்தாலும் கொழும்பு தின்று மிஞ்சியதுதான் வரும். பழைய ஒயிலை இரண்டு நாள் தெளியவிட்டு, வேட்டித்துணியை நான்காய் மடித்து வடிகட்டி, காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டு, திரும்ப ஊற்றினார்கள். ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி நிழலில் உலர்த்தித் திரும்பப் பூட்டினார்கள். அந்த முறையை அங்கே கொண்டுவந்ததே இவன்தான். முப்பத்தாறு இயந்திரத்தில் ஒன்றுகூட வயலில் நிற்கவில்லை என்று திணைக்களம் பாராட்டி எழுதியது. நல்ல ஒயிலை மண்ணில் கொட்டினான் என்று ஒரு மெக்கானிக்குக் குற்றப்பத்திரம் கொடுத்து, அவனுடைய வருடச் சம்பள உயர்வை நிறுத்தியதும் இவன்தான். அந்த மெக்கானிக் கால் தடக்கித்தான் கொட்டினான். அது தெரிந்துதான் இவன் கையெழுத்து வைத்தான்.

தாழியை மூடித் திங்கட்கிழமை வரை வைத்தான். தெளிந்த ஒயிலைத் தன் வேட்டி ஒன்றைக் கிழித்து வடித்தான். ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினான். பிறகு புத்தகத்தில் சொன்னபடியே எல்லாம் செய்தான். ஒயிலை மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற ஐந்து தடவை முன்னும் பின்னும் நகர்த்தி, நிறுத்தி, அளவு பார்த்தான். கோட்டுக்கு மயிரிழை கீழே நின்றது. திருப்தியாக இருந்தது. கொப்பியை எடுத்து, ஐம்பது மணி, ஒயில் மாற்றப்பட்டது, ஃபில்டர் மாற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். அனுராதபுரத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள். கணக்குப் பார்க்க வருகிறவன் கொப்பியைப் பார்ப்பான், இயந்திரத்தைப் பார்க்கமாட்டான். கொப்பி அவனுக்கு, இயந்திரம் நமக்கு.

இரண்டு டின்னும் ஃபில்டரும் உள் தட்டில், ஒரு சாக்குக்குப் பின்னால் போயின.

இல்லத்தில் தமிழ் பேச ஒருத்தி இருந்தாள். மார்கரெட். மலேசியாவில் ஈப்போவிலிருந்து தாதிப் படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். இடைவேளையில் சிகரெட் பிடிக்கக் கொட்டிலுக்குப் பின்னால் வருவாள். ஒருநாள் தீப்பெட்டி தேடி உள்ளே வந்தவள் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டாள்.

"என்ன அங்கிள், பதுக்கி வச்சிருக்கீங்க? கடை போடப் போறீங்களா?"

"அடுத்த முறைக்கு."

"அடுத்த முறைக்கு அவங்களே வாங்கித் தருவாங்களே."

"தராட்டி?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சிகரெட்டைக் கொட்டிலுக்குள் பற்றவைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

நவம்பர் நடுவில் சத்தம் தொடங்கியது. மணிக்கணக்கியில் தொண்ணூற்றிரண்டு. சூடேறிய பிறகு, நுளம்பு காதுக்குள் போனது போல மெல்லிய கீச்சு. முதல் நாள் பெல்ட் என்று நினைத்தான். பெல்ட்டை மாற்றினான். இரண்டாம் நாள் சில்லுத் தாங்கி என்று கிறீஸ் வைத்தான். மூன்றாம் நாள் உணவுக்கூடத்துக்கு முன்னால் உள்ள சரிவில் நெம்புகோலை முழுக்கத் தள்ளியும் இயந்திரம் தவழ்ந்தது. இறங்கி ஒயில் மூடியைத் திறந்தான். மேலே நுரை கட்டியிருந்தது.

அவனுக்கு விளங்கிவிட்டது. பல்சக்கரம் போட்ட பழைய இயந்திரத்தின் வயிறு வேறு, இதன் வயிறு வேறு. அது கல்லையும் அரைக்கும். இது நூலுக்கு விக்கும். வேட்டியிலிருந்து எத்தனை நூல் போயிருக்கும் என்று யோசித்தான். மண்ணெண்ணெயில் ஊறிய கடதாசி ஃபில்டர் உள்ளே எப்படிக் கரைந்திருக்கும் என்று யோசித்தான்.

தட்டில் இருந்த டின்னை எடுத்துக் கையில் வைத்திருந்தான். அப்போதாவது மாற்றியிருந்தால் பம்பில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் பம்ப் கீறுப்பட்டுவிட்டால் எந்த ஒயிலும் அதை ஒட்டவைக்காது. கெட்டதற்குள் நல்லதை ஊற்றுவது இரட்டை நட்டம் என்று பட்டது. டின்னைத் திரும்ப வைத்தான். டிசம்பர் முதலாம் திகதிக்கு இரண்டு கிழமை இருந்தது. இரண்டு கிழமை தள்ளினால் போதும்.

அவன் தள்ளத்தான் செய்தான். ட்ரக்டரைக் குளிர்ந்த காலையில் மட்டும், சமநிலத்தில் மட்டும் ஓட்டினான். சரிவையும் மரங்களுக்கு நடுவையும் பழைய தள்ளு இயந்திரத்தால் வெட்டினான். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தது. புது மெஷினை நிறுத்தி வைத்துவிட்டு ஏன் இந்தப் பாடு என்று மார்கரெட் கேட்டாள். சரிவில் அது வழுக்குகிறது என்றான். அந்தக் கிழமை சிவனேஸ்வரிக்குக் கடிதம் எழுதினான். எல்லாம் சரி, மேற்றன் நல்ல மனுசி, முதலாம் திகதி கடிதம் கையில் வரும், நீங்கள் ஆயத்தமாக இருங்கள் என்று எழுதினான். எழுதும்போது அது உண்மை போல இருந்தது.

இருபத்தெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, சமநிலத்திலேயே நின்றுவிட்டது. இயந்திரம் ஓடியது, சில்லு அசையவில்லை. ஜன்னலில் பத்துப் பன்னிரண்டு முகம். சக்கர நாற்காலிக் கிழவர் காலால் உதைக்கும்படி சைகை காட்டினார்.

மறுநாள் கடையிலிருந்து மெக்கானிக் வந்தான். மேற்றனும் வந்து நின்றார். ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவர்தான் ஜெயரட்ணத்துக்குச் சொன்னார். மெக்கானிக் கொப்பியைப் பார்த்தான். ஐம்பது மணியில் மாற்றியிருக்கிறது, சரி என்றான். பிறகு குனிந்து ஃபில்டரைக் கழற்றினான். கழற்றியதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இது வெள்ளை நிறம், தொழிற்சாலையில் பூட்டி அனுப்புவது, நாங்கள் மாற்றுவதற்குக் கொடுப்பது கறுப்பு என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நேரம் சொல்வது போலச் சொன்னான். அரைமணிக்குப் பிறகு பம்பின் வாயிலிருந்து இடுக்கியால் ஒரு கொத்து நூலை இழுத்தெடுத்து, துடைக்கும் கடதாசியில் வைத்து மேற்றனுக்குக் காட்டினான். மழையில் நனைந்த பூனைமயிர் மாதிரி இருந்தது.

கறுப்பு ஃபில்டர் எங்கே என்று மேற்றன் கேட்டார். ஜெயரட்ணம் போய்ச் சாக்கை விலக்கி, டின் இரண்டையும் பெட்டியையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். டின்களின் வாய் உடைபடவில்லை.

பின்னேரம் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். தான் கேட்பதும் இவன் சொல்வதும் பிசகாமல் போய்ச் சேரவேண்டும் என்று மேற்றன் மார்கரெட்டையும் வரச்சொல்லியிருந்தார். ஜெயரட்ணத்துக்கு இங்கிலிஷ் வரும். ஆனால் அன்றைக்கு நாக்கு கட்டியிருந்தது. விற்கவா வைத்திருந்தாய் என்று மேற்றன் நேராகக் கேட்டார்.

மார்கரெட் அதை மொழிபெயர்க்கவில்லை. மேற்றனைப் பார்த்துக்கொண்டே, முகத்தில் ஒன்றும் காட்டாமல், தமிழில் வேறு சொன்னாள்.

"அங்கிள், நல்லாக் கேளுங்க. ஒயில் மாத்துனேன், அது கடையில வேற வாங்குன ஒயில்னு சொல்லிடுங்க. இது மிச்சம்னு சொல்லுங்க. நான் பாத்தேன்னு நான் சொல்றேன்."

"வெள்ளை ஃபில்டர் கடைக்காரன்ரை கையிலை கிடக்குது, பிள்ளை."

"கழட்டிப் பூட்டையில மாறிப்போச்சுன்னு சொல்லலாம்."

சொல்லலாம்தான். முதலாம் திகதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சிவனேஸ்வரியின் முகமும் மகளின் முகமும் வரவில்லை. அந்த நூல்கொத்துத்தான் வந்தது.

"நூல் என்ரை வேட்டி. அதை என்னெண்டு சொல்லுறது? உள்ளதைச் சொல்லும்."

அவள் சொன்னாள். ஒயில் கிடைக்காத நாடு, ஏழு வருடம், வேட்டி, மண்ணெண்ணெய், குற்றப்பத்திரம் என்று அவன் சொல்லச் சொல்ல இங்கிலிஷில் சொல்லிக்கொண்டு போனாள். அவன் விட்டதையும் அவளே சேர்த்தாள். திருடுகிற ஆள் இல்லை, ஆணியைக்கூட நிமிர்த்தி வைக்கிற ஆள் என்றாள். மேற்றன் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், கேட்டிருந்தால் இன்னும் நாலு டின் வாங்கித் தந்திருப்பேனே என்றார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

பிறகு மேற்றன் மேசையில் இருந்த மருந்து அட்டை ஒன்றை எடுத்து மார்கரெட்டின் பக்கம் திருப்பினார். மூன்றாம் வார்டில் ஒரு கிழவியின் அட்டை. எட்டு மணிக்குக் கொடுத்தது, கையெழுத்து. ஒரு மணிக்குக் கொடுத்தது, கையெழுத்து.

"நீ மருந்தைக் கொடுக்காமல் இதில் கையெழுத்து வைத்தாய் என்று எனக்குத் தெரிந்தால், நான் என்ன செய்வேன், மார்கரெட்?"

மார்கரெட் அட்டையைப் பார்த்தாள்.

"நீ அந்த மருந்தைத் திருடவில்லை. மிச்சம் பிடித்தாய். பத்திரமாக எடுத்து வைத்தாய். அப்போது?"

அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த அறையில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்பது ஜெயரட்ணத்துக்குத் தெரிந்தது. திட்டியிருந்தாலாவது ஏதாவது பிடித்துக்கொள்ளக் கிடைத்திருக்கும். பதினொரு வருடம் அவன் எத்தனை கொப்பியில் கையெழுத்து வைத்திருப்பான்? அதில் எத்தனை உண்மை? எண்ணத் தொடங்கி விட்டுவிட்டான். எண்ணக்கூடிய விஷயமில்லை. அந்த மெக்கானிக்கின் குற்றப்பத்திரம் மட்டும் ஞாபகத்தில் நின்றது. அதிலும் கையெழுத்து அவனுடையதுதான்.

நீ கள்ளன் இல்லை என்று நம்புகிறேன், ஆனால் நிரந்தரம் என்ற சொல்லை என்னால் எழுத முடியாது என்றார் மேற்றன். வேலை செய்த திகதிகளைப் போட்டு ஒரு கடிதம் தருவதாகவும், வீட்டை விட இரண்டு கிழமை எடுக்கலாம் என்றும் சொன்னார். கடிதத்தை அப்போதே தட்டச்சு செய்தார். மூன்று வரி. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை தோட்டக்காரனாக வேலை செய்தார். உழைப்பாளி. அதிலும் பொய் இல்லை. ஜெயரட்ணம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான்.

குடிவரவுக் கந்தோரில் அந்தக் கடிதத்தைப் பார்த்த பெண் இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டாள்.

அந்த இரண்டு கிழமையும் அவன் சும்மா இருக்கவில்லை. தள்ளு இயந்திரத்தால் முழு நிலத்தையும் வெட்டி முடித்தான். ஒருவரும் கேட்கவில்லை. வெட்டவேண்டாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. மெக்கானிக் புதுப் பம்ப் பூட்டும்போது பக்கத்தில் போகாமல், தூரத்தில் வேலியோரத்துப் புல்லைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தான். வரதராஜாவிடம் கேட்டதில், கார்க்கொட்டகையில் இப்போது வேறொருவர் இருக்கிறார், பார்க்கலாம் என்றான். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, இயந்திரம் பழுதாகிவிட்டது என்று மட்டும் இவன் சொன்னான். நீதானே போர்மன், அதைத் திருத்த உன்னால் முடியாதா என்று வரதராஜா சிரித்தான். பகிடியாகத்தான் கேட்டான்.

புறப்படுவதற்கு முதல் நாள் பகல், அவன் சட்டிபானையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மார்கரெட் ஒரு கடிதத்தோடு வந்தாள். கந்தோரில் கிடந்ததாம். நீல வான்கடிதம், சிவனேஸ்வரியின் கையெழுத்து. அவன் ஓரத்தைக் கத்தியால் வெட்டி, நின்றபடியே வாசித்தான். வாசித்துவிட்டு அவளிடம் நீட்டினான். அவள் தயங்கினாள். வாசியும் என்றான்.

சிவனேஸ்வரி சுருக்கமாகத்தான் எழுதியிருந்தாள். உங்கள் கடிதம் கண்டோம். அறையை விடுவதாக வீட்டுக்காரருக்குச் சொல்லிப்போட்டேன். முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார், வேறு ஆட்களும் பார்த்துவிட்டுப் போய்விட்டினம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டியாச்சு, வருடச் சோதனை எழுதவில்லை, அங்கே போய்ப் படிக்கலாம்தானே. கடுதாசி வேலையெல்லாம் கொழும்பிலிருந்து செய்தால் சுகம் என்று எல்லாரும் சொல்லுகினம். வெள்ளவத்தையில் கல்யாணி மாமி கொஞ்ச நாளைக்கு இருக்கச் சொன்னவ. வாற திங்கள் மெயில் ரயிலில் வெளிக்கிடுகிறோம்.

"இது எந்தத் திங்கள், அங்கிள்?"

"போன திங்கள்."

மார்கரெட் கடிதத்தை மடித்து அவனிடம் கொடுத்தாள். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, இங்கே ஒரு மணி என்றால் அங்கே என்ன நேரம் என்று கேட்டாள். காலமை ஏழரை என்றான். கல்யாணி மாமி வீட்டு விலாசம் இருக்கிறதா, சந்தித் தபாற்கந்தோர் திறந்திருக்கும், தான் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன், உடனே தந்தி அடித்துவிடலாம் என்றாள். விலாசம் இருந்தது. கடிதத்தின் பின்புறத்தில் சிவனேஸ்வரி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

அவன் கட்டிலில் இருந்தான். கட்டிலின் மெத்தை ஏற்கனவே சுருட்டப்பட்டிருந்தது. வெறும் கம்பி கிறீச்சிட்டது.

"என்னெண்டு அடிக்கிறது, பிள்ளை?"

அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். வார்டில் மணி அடித்தது. ஒரு மணி மருந்துக்கு அவள் போகவேண்டியிருந்தது.